இறக்குமதிப் போட்டியால் ஆலை வேலை போனால்: அமெரிக்காவில் எங்கே போவது, எதை முதலில் செய்வது

அமெரிக்காவில் ஒரு ப்ளான்ட்டில் வேலை பார்க்கிறீர்கள். வெளிநாட்டுச் சரக்கின் விலைக்குக் கட்டுப்படியாகவில்லை என்று நிர்வாகம் ஒரு லைனை நிறுத்துகிறது, இல்லை மெஷின்களைக் கழற்றி மெக்சிகோவுக்கு லாரி ஏற்றுகிறது. இப்படி வேலை போனவர்களுக்கென்றே அரசாங்கத்தில் தனித் திட்டம் ஒன்று உண்டு, பள்ளிச் செலவு கொடுப்பார்கள், இரண்டு வருஷத்துக்கு மேல் பணம் வரும் என்று கேன்டீனில் யாராவது ஒரு சீனியர் சொல்லியிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர் சொன்னது பழைய கதை.

அந்தத் திட்டத்தின் பெயர் டிரேட் அட்ஜஸ்ட்மென்ட் அசிஸ்டன்ஸ், சுருக்கமாக டி.ஏ.ஏ. 1962-இல் கென்னடி காலத்தில் வந்த சட்டத்தில் பிறந்து, 1974-ஆம் ஆண்டு வர்த்தகச் சட்டத்தில் வலுப்பெற்று, பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2022 ஜூலை 1 அன்று புதியவர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டது. அன்றிலிருந்து மத்தியத் தொழிலாளர் துறை புது மனுக்களை ஏற்பதும் இல்லை, முடிவு சொல்வதும் இல்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இன்னும் அதைப் புதுப்பிக்கவில்லை. ஆகவே போன மாதம் லே-ஆஃப் ஆனவர் டி.ஏ.ஏ.வைத் தேடி அலைந்தால் வாரங்கள்தான் வீணாகும், அந்த வாரங்களில்தான் வேறு கதவுகளின் கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

வேறு கதவுகள் இருக்கின்றன. அங்கே உங்கள் வேலை ஏன் போனது, சீனாவாலா வியட்நாமாலா என்று யாரும் கேட்பதில்லை. வேலை போனது உண்மையா, உங்கள் தப்பால் போகவில்லையே, அவ்வளவுதான் கேள்வி. ஒரு வகையில் இது வசதி. டி.ஏ.ஏ. காலத்தில் இறக்குமதியால்தான் வேலை போனது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது, அதிகாரிகள் கம்பெனிக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்கும் கடிதம் போட்டு விசாரித்து முடிவு சொன்னார்கள். அசௌகரியம் என்னவென்றால், இப்போது ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்காது, நாலு இடத்தில் துண்டு துண்டாகக் கிடைக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு. அந்த வரிசையைத்தான் சொல்லப்போகிறேன்.

நோட்டீஸ் வந்த அன்று

கையில் வரும் கடிதத்தை முழுதாகப் படியுங்கள். வார்ன் சட்டம் என்று ஒன்று 1988-இல் வந்தது. 100 அல்லது அதற்கு மேல் முழுநேர ஊழியர்கள் உள்ள கம்பெனி, ஒரே இடத்தில் 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை இழக்கும்படி ஆலையை மூடினால், 60 நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாமல் கதவைப் பூட்டினால், விட்டுப்போன நாட்களுக்கான சம்பளமும் சலுகைகளும் 60 நாள் வரை கேட்கலாம். ஆனால் தொழிலாளர் துறை உங்களுக்காக வந்து வாதாடாது, வழக்கு மத்திய நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதனால் யூனியன் இருந்தால் யூனியன், இல்லாவிட்டால் கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. சில மாநிலங்களின் சட்டம் இன்னும் கறார்: நியூயார்க்கில் 50 பேர் உள்ள கம்பெனிக்கே பொருந்தும், நோட்டீஸ் 90 நாள். நியூஜெர்சியில் 2023 ஏப்ரலிலிருந்து, பெரிய அளவில் ஆட்களை அனுப்பும் கம்பெனி ஒவ்வொரு வருஷ வேலைக்கும் ஒரு வாரச் சம்பளம் கட்டாயம் கொடுக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 75 பேர் இருந்தாலே போதும்.

வார்ன் நோட்டீஸ் மாநில அரசுக்குப் போனதும் ரேபிட் ரெஸ்பான்ஸ் என்ற குழு ப்ளான்ட்டுக்கே வரும். ஷிஃப்ட் முடிந்து களைப்பாக இருக்கும், டொனட் வைத்து ஒரு மணி நேரம் பேசுவார்கள், போகாமல் விட்டுவிடத் தோன்றும். போங்கள். உங்கள் மாநிலத்தில் என்னென்ன படிவம், எந்த அலுவலகம் என்று ஒரே இடத்தில் சொல்லும் கூட்டம் அதுதான். கூட்டம் முடிந்ததும் அவர்களில் ஒருவரின் விசிட்டிங் கார்டை வாங்கிவிடுங்கள். பிறகு போன் செய்தால் ஒரு மனிதர் எடுப்பார்.

அடுத்து செவரன்ஸ், அதாவது வேலையை விட்டு அனுப்பும்போது கம்பெனி தரும் தொகை. பணம் கொடுத்து ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்பார்கள், அதில் கம்பெனி மேல் எந்த வழக்கும் போடமாட்டேன் என்று இருக்கும். அன்றே கையெழுத்துப் போட வேண்டாம். உங்களுக்கு 40 வயது ஆகியிருந்து, ஒரே நேரத்தில் பலரை அனுப்புகிறார்கள் என்றால், வயதுப் பாகுபாடு பற்றிய உரிமையை விட்டுக்கொடுக்கும் அந்தக் காகிதத்தை யோசிக்கச் சட்டப்படி 45 நாள் தர வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகும் 7 நாளுக்குள் வாபஸ் வாங்கலாம். எச்.ஆர். அவசரப்படுத்தினாலும் அந்த நாட்கள் உங்களுடையவை.

இன்னொன்று: நீங்களாகவே விலகுவதாக எழுதிக் கொடுத்தால் இவ்வளவு தருகிறோம் என்றொரு பேச்சு வரலாம். தொகை கவர்ச்சியாக இருக்கும். ஆனால் தானாக வேலையை விட்டவருக்கு வேலையில்லாக் காப்பீடு மறுக்கப்படலாம், அதனால் ஒப்புக்கொள்வதற்கு முன் மாநில அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

வேலையில்லாக் காப்பீடு: அந்த வாரமே

எல்லாரும் அன்எம்ப்ளாய்மென்ட் என்று சொல்வது இதைத்தான். கடைசி வேலை நாள் முடிந்த அந்த வாரமே மாநில இணையதளத்தில் விண்ணப்பம் போடுங்கள். பல மாநிலங்களில் நீங்கள் விண்ணப்பித்த வாரத்திலிருந்துதான் கணக்கு. ஒரு மாதம் கழித்துப் போட்டால் அந்த ஒரு மாதம் பெரும்பாலும் போனதுதான். போதாக்குறைக்கு முதல் வாரம் காத்திருப்பு வாரம் என்று பணம் இல்லாமல் கழிக்கும் மாநிலங்களும் நிறைய.

நம்மவர்களில் சிலருக்கு இதில் ஒரு கூச்சம் உண்டு, அரசாங்கத்திடம் கையேந்துவதா என்று. இது தர்மம் இல்லை. உங்களை வேலைக்கு வைத்த ஒவ்வொரு கம்பெனியும் இதற்காக வரி கட்டியிருக்கிறது, இது காப்பீடு. கிரீன் கார்டுக்கு இடைஞ்சல் வருமோ என்று பயப்படுகிறவர்களுக்கு: அரசாங்க உதவியை நம்பி வாழ்பவரா என்று பார்க்கும் பப்ளிக் சார்ஜ் கணக்கில் வேலையில்லாக் காப்பீட்டைச் சேர்ப்பதில்லை.

எந்த மாநிலத்தில் வேலை செய்தீர்களோ அந்த மாநிலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எல்லையோரத்தில் ஒரு மாநிலத்தில் வீடு, பக்கத்து மாநிலத்தில் ப்ளான்ட் என்று இருப்பவர்கள் இதில்தான் குழம்புகிறார்கள். எவ்வளவு கிடைக்கும் என்பது பேஸ் பீரியடில் வாங்கிய சம்பளத்தைப் பொறுத்தது. பொதுவாக, முடிந்துபோன கடைசி ஐந்து காலாண்டுகளில் முதல் நான்கு. பெரும்பாலான மாநிலங்களில் அதிகபட்சம் 26 வாரம். ஃப்ளோரிடா, வட கரோலினா போன்ற இடங்களில் வேலையின்மை குறைவாக இருக்கும்போது வெறும் 12 வாரம்தான். அங்கே இருப்பவர்கள் அடுத்த படிகளை இன்னும் வேகமாக எடுத்து வைக்க வேண்டும்.

படிவத்தில் வேலை போன காரணம் கேட்கும் இடத்தில் லே-ஆஃப், அதாவது வேலை இல்லாததால் அனுப்பப்பட்டேன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இறக்குமதி, டாரிஃப் (இறக்குமதி வரி) என்று கட்டுரை எழுத வேண்டாம், அதைப் படிக்க யாருக்கும் நேரமில்லை. ஆலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் வேலை செய்தவர்கள் கவனிக்க: கம்பெனிப் பெயரில் ஆலையின் பெயரைப் போடாதீர்கள், சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அந்த ஏஜென்சியின் பெயர்தான் வர வேண்டும். ஆலை வேலை முடிந்ததும் ஏஜென்சிக்குப் போன் செய்து அடுத்த வேலை இருக்கிறதா என்று கேட்டதற்கு ஒரு ஈமெயில் ஆதாரமும் வைத்துக்கொள்ளுங்கள். பல மாநிலங்களில் அப்படிக் கேட்காவிட்டால் நீங்களாக விலகியதாக எடுத்துக்கொள்வார்கள்.

அப்புறம் வாராந்திரக் கேள்விகள். வாரம் தவறாமல், சில இடங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வேலை செய்யத் தயாராக இருந்தீர்களா, வேலை தேடினீர்களா, ஏதாவது சம்பாதித்தீர்களா என்று கேட்பார்கள். இந்தக் கடைசிக் கேள்வியில்தான் நல்லவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். சனிக்கிழமை நண்பரின் கடையில் ஆறு மணி நேரம் நின்றீர்கள், பணம் அடுத்த வாரம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான மாநிலங்களில் அதை வேலை செய்த வாரத்தில்தான் எழுத வேண்டும், பணம் வந்த வாரத்தில் இல்லை. அதுவும் பிடித்தம் போகக் கையில் வந்ததை எழுதக் கூடாது, பிடித்தத்துக்கு முந்தைய முழுத் தொகையை எழுத வேண்டும். மறைத்தால் கம்பெனிகள் கொடுக்கும் சம்பளப் பதிவோடு கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பிடித்துவிடும், வாங்கியதைத் திருப்பிக் கட்டுவதோடு மோசடி என்று முடிவானால் குறைந்தது 15 சதவீதம் அபராதமும் உண்டு. வேலை தேடியதற்கு ஒரு நோட்டில் தேதி, கம்பெனி, எப்படி விண்ணப்பித்தீர்கள் என்று எழுதி வையுங்கள்.

மறுத்துவிட்டால் அப்பீல் செய்யுங்கள். கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும், கிட்டத்தட்ட 10 நாளிலிருந்து 30 நாள் வரை; கடிதத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். அப்பீல் நடக்கும்போதும் வாராந்திரக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜெயித்தாலும் அந்த வாரங்களுக்குப் பணம் வராது.

இந்தப் பணத்துக்கு மத்திய வருமான வரி உண்டு. ஜனவரியில் 1099-ஜி என்ற படிவம் வரும்போது பலர் திடுக்கிடுகிறார்கள். ஆரம்பத்திலேயே 10 சதவீதம் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டால் தொல்லை இல்லை.

எச்-1பி விசாவில் இருக்கும் எஞ்சினியர்களுக்குக் கதையே வேறு. வேறு எந்தக் கம்பெனியிலும் உடனே சேர அனுமதி இல்லாததால் வேலைக்குத் தயார் என்ற நிபந்தனையில் அடிபட்டு, பொதுவாக இந்தக் காப்பீடு கிடைப்பதில்லை. உங்களுக்கு இருப்பது அதிகபட்சம் 60 நாள் அவகாசம், அதற்குள் வேறு கம்பெனி மனுப்போட வேண்டும், இல்லை விசா வகையை மாற்ற வேண்டும். கிரீன் கார்டோ, எங்கும் வேலை செய்ய அனுமதிக்கும் ஈ.ஏ.டி. அட்டையோ உள்ள கணவன், மனைவியின் நிலை தனி, அவர்கள் விண்ணப்பிக்கலாம்.

மருத்துவக் காப்பீடு

இங்கே ஒரு 60 நாள் கெடு இருக்கிறது, இல்லை, இரண்டு. கம்பெனிக் காப்பீட்டை உங்கள் சொந்தச் செலவில் 18 மாதம் வரை தொடரலாம், அதுதான் கோப்ரா. கம்பெனி கட்டிக்கொண்டிருந்த பங்கையும் சேர்த்து 102 சதவீதம் வரை நீங்கள் கட்ட வேண்டும், பில்லைப் பார்த்தால் மூச்சு முட்டும். ஆனால் அதைத் தேர்ந்தெடுக்க 60 நாள் அவகாசம் உண்டு, தேர்ந்தெடுத்தால் காப்பீடு முடிந்த நாளிலிருந்தே பின்தேதியிட்டுப் பொருந்தும். அதாவது முதல் மாதம் காத்திருந்து பார்த்து, பெரிய வைத்தியச் செலவு வந்தால் மட்டும் எடுத்துக்கொள்ள முடியும். எடுத்தால் விட்டுப்போன மாதங்களின் பிரீமியத்தையும் கட்ட வேண்டும்.

ஒரு பொறி இருக்கிறது. கம்பெனியே முழுதாக மூடி, ஊழியர் காப்பீட்டுத் திட்டத்தையே கலைத்துவிட்டால் கோப்ராவும் இல்லை. தொடர்வதற்கு அங்கே ஒரு திட்டம் இருந்தால்தானே. ஒரு ப்ளான்ட்டை மட்டும் மூடுகிறார்களா, கம்பெனியையே மூடுகிறார்களா என்று எச்.ஆரிடம் இப்போதே கேளுங்கள்.

இன்னொரு வழி, மருத்துவக் காப்பீட்டை நீங்களே வாங்கிக்கொள்ளும் அரசாங்க மார்க்கெட்பிளேஸ். காப்பீடு போன நாளிலிருந்து 60 நாளுக்குள் சேரலாம், போவதற்கு முன்னாலேயே விண்ணப்பிக்கவும் செய்யலாம். இந்த 60 நாளை விட்டால் பொதுச் சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க வேண்டியதுதான். பழைய கையேடுகளில் டி.ஏ.ஏ. தொழிலாளர்களுக்குப் பிரீமியத்தில் 72.5 சதவீதம் வரிச்சலுகை என்று பார்ப்பீர்கள். அது 2021 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது.

டிஸ்லொகேட்டட் வொர்க்கர்: படிப்புக்கான கதவு

டி.ஏ.ஏ. இல்லாத இடத்தை இன்றைக்கு ஓரளவு நிரப்புவது 2014-இல் வந்த வியோவா சட்டம். அதற்குள் வேலை இழந்தவர்களுக்கென்று ஒரு பிரிவு, அந்தப் பெயர்தான் டிஸ்லொகேட்டட் வொர்க்கர். அமெரிக்கன் ஜாப் சென்டர் என்ற அலுவலகங்கள் நாடு முழுக்க இருக்கின்றன, மாநிலத்துக்கு மாநிலம் பெயர்ப்பலகை மாறும். மத்திய அரசின் கேரியர்ஒன்ஸ்டாப் தளத்தில் உங்கள் ஜிப் கோடைப் போட்டால் பக்கத்து அலுவலகத்தைக் காட்டும்.

வேலை முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. லே-ஆஃப் கடிதம் கையில் வந்திருந்தாலே தகுதி உண்டு. போகும்போது அந்தக் கடிதம், சோஷியல் செக்யூரிட்டி எண், வேலை அனுமதிக்கான ஆவணம், வேலையில்லாக் காப்பீட்டின் முடிவுக் கடிதம் எல்லாம் எடுத்துப் போங்கள். ஆண்களுக்கு ஒரு விநோதமான கேள்வி வரும்: செலக்டிவ் சர்வீஸில் பதிவு செய்தீர்களா என்று. 18-லிருந்து 25 வயது வரை இங்கே இருந்த ஆண்கள், கிரீன் கார்டுக்காரர்கள் உட்பட, ராணுவப் பட்டியலில் பதிந்திருக்க வேண்டும். 26 வயதுக்குப் பிறகு வந்தவர்களுக்கும், அந்த வயது முழுக்க மாணவர் விசா, எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருந்தவர்களுக்கும் அது பொருந்தாது, ஆனால் எப்போது வந்தீர்கள், எந்த விசாவில் வந்தீர்கள் என்று காட்ட வேண்டியிருக்கும். பழைய பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து வையுங்கள். முத்திரை இருக்கும் அந்தப் பக்கம் இல்லாமல் திரும்பி வந்தால் ஒரு வாரம் போய்விடும்.

டி.ஏ.ஏ.வுக்கும் இதற்கும் முக்கிய வித்தியாசம்: டி.ஏ.ஏ.வில் உங்கள் ஆலைக்குச் சான்று கிடைத்தால், நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தவருக்கு அது உரிமை. இங்கே பணம் இருக்கும் வரைதான். அதனால் முதல் சந்திப்பிலேயே உங்கள் விஷயத்தைக் கவனிக்கும் அலுவலரான கேஸ் மேனேஜரிடம் நேராகக் கேளுங்கள்: இந்த ஆண்டு டிஸ்லொகேட்டட் வொர்க்கர் பணம் மிச்சம் இருக்கிறதா, ஒருவருக்கு எவ்வளவு உச்சவரம்பு, பயணச் செலவும் குழந்தைக் காப்பகச் செலவும் கிடைக்குமா என்று. திட்ட ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கும். மே மாதத்தில் பணம் தீர்ந்துவிட்டது என்றால் அது எப்போதைக்குமான மறுப்பு இல்லை, ஜூலையில் திரும்பப் போய்க் கேளுங்கள். அலுவலகத்தில் ஆங்கிலம் சிரமமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், அதற்குப் பணம் வாங்கக் கூடாது. சொந்தக்காரப் பையனைக் கூட்டிப் போவதை விட இது மேல், அவன் பாதியைத்தான் சொல்வான்.

படிப்புக்கான தொகை ஐ.டி.ஏ. என்ற கணக்கு வழியாக நேரே பள்ளிக்குப் போகும். இரண்டு நிபந்தனைகள். பள்ளியும் படிப்பும் மாநிலத்தின் அங்கீகரித்த பட்டியலில் இருக்க வேண்டும். ஒப்புதல் வருவதற்கு முன் நீங்கள் சேர்ந்து கட்டிவிட்ட கட்டணத்தைப் பொதுவாகத் திருப்பித் தரமாட்டார்கள். பள்ளியின் விற்பனையாள் திங்கட்கிழமை வகுப்பு, இன்றே சேருங்கள் என்று நெருக்கினால், கேஸ் மேனேஜரின் கடிதம் வந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

எதைப் படிப்பது? இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதமான கருத்து உண்டு. பதினைந்து வருஷம் மெஷின் பக்கத்தில் நின்றவரை மெடிக்கல் பில்லிங் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைப்பது பெரும்பாலும் வீண். உங்கள் கைக்கு ஏற்கெனவே தெரிந்ததற்குப் பக்கத்தில் இருக்கும் படிப்பாகப் பாருங்கள்: லைனில் வேலை செய்தவருக்கு மெஷின்களைக் கட்டுப்படுத்தும் சிறு கணினியான பி.எல்.சி., ஆலை மெயின்டனன்ஸ். லேத்தில் நின்றவருக்கு கணினியால் இயங்கும் மெஷின்களுக்கான சி.என்.சி. புரோகிராமிங்; ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவருக்கு கனரக வாகன லைசென்ஸான சி.டி.எல். சேருவதற்கு முன் உங்கள் ஊரில் அந்த வேலைக்கு ஆள் எடுக்கும் இரண்டு மூன்று கம்பெனிகளுக்குப் போன் செய்து, இந்தப் பள்ளியில் படித்தவரை எடுப்பீர்களா, ஆரம்பச் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். பள்ளியின் விளம்பரத் தாளை விட அந்த ஐந்து நிமிடப் பேச்சு அதிகம் சொல்லும். பள்ளிக்கூடமே வேண்டாம் என்றால், வேலையிலேயே பயிற்சி என்றொரு வழியும் உண்டு. உங்களை எடுக்கும் கம்பெனிக்குப் பயிற்சிக் காலச் சம்பளத்தில் பாதியை, சில சமயம் 75 சதவீதம் வரை, இந்தத் திட்டம் ஈடுகட்டும். வயது கூடியவர்களுக்கு நேர்காணலில் சொல்ல இது ஒரு நல்ல துருப்புச்சீட்டு.

வகுப்புக்குப் போகும் நேரத்தில் வேலை தேட முடியாதே, வேலையில்லாக் காப்பீடு நின்றுவிடுமே என்ற பயம் நியாயமானது. அரசு ஒப்புக்கொண்ட பயிற்சியில் இருப்பவருக்கு அந்தக் காரணத்துக்காக மட்டும் காப்பீட்டை மறுக்கக் கூடாது என்பது மத்தியச் சட்டம். ஆனால் தானாக நடக்காது, ஒப்புதல் கேட்டு வாங்க வேண்டும். நியூயார்க்கில் இதற்கு 599 திட்டம் என்று பெயர், கலிஃபோர்னியாவில் கலிஃபோர்னியா டிரெய்னிங் பெனிஃபிட்ஸ். சில மாநிலங்களில் இதோடு கூடுதல் வாரங்களும் கிடைக்கும். உங்கள் மாநிலத்தில் என்ன பெயர் என்று காப்பீட்டு அலுவலகத்தில் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

கம்யூனிட்டி காலேஜ் என்றால் மத்திய அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்ஸா படிவத்தையும் போடுங்கள். பெல் கிராண்ட் திருப்பிக் கட்ட வேண்டாத பணம், 2025-26-க்கு உச்சம் 7,395 டாலர். படிவம் பழைய வருஷத்து வருமானத்தைப் பார்க்கும், அப்போது ஓவர்டைம் எல்லாம் சேர்த்து நன்றாகச் சம்பாதித்திருப்பீர்கள், அதனால் தகுதி இல்லை என்று வந்துவிடும். அங்கே நிறுத்திவிடாதீர்கள். கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்குப் போய், லே-ஆஃப் கடிதத்தைக் காட்டி, இன்றைய வருமானத்தை வைத்துத் திரும்பக் கணக்கிடச் சொல்லுங்கள், அவர்களுக்கு அந்த அதிகாரம் இருக்கிறது.

401(கே) பணத்தைத் தொடுவதற்கு முன்

401(கே) என்பது கம்பெனி வழியாக நீங்கள் சேர்த்த ஓய்வுக்காலச் சேமிப்பு. கையில் இருக்கும் பெரிய தொகை அதுதான் என்பதால் எல்லாருக்கும் கை அங்கே போகும். 59½ வயதுக்கு முன் எடுத்தால் பொதுவாக வரியோடு 10 சதவீத அபராதம். ஒரு விலக்கு: 55 வயதான ஆண்டிலோ அதற்குப் பிறகோ அந்தக் கம்பெனி வேலை போனால், அதே கம்பெனியின் 401(கே)-யிலிருந்து எடுக்க அபராதம் இல்லை. ஆனால் அதை உங்கள் சொந்த ஓய்வுக்காலக் கணக்கான ஐ.ஆர்.ஏ.வுக்கு மாற்றிவிட்டால் அந்த விலக்கும் போய்விடும், அதனால் 55-ஐத் தாண்டியவர்கள் அவசரமாக மாற்ற வேண்டாம். கம்பெனி பழைய பாணிப் பென்ஷன் வைத்திருந்து திவாலானால், 1974-இல் ஏற்பட்ட பி.பி.ஜி.சி. என்ற அரசு நிறுவனம் ஒரு வரம்பு வரை பொறுப்பேற்கும்.

வாடகை, மின்கட்டணம், சாப்பாடு நெருக்கினால் 211 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், உள்ளூரில் யார் என்ன தருகிறார்கள் என்று சொல்வார்கள்.

டி.ஏ.ஏ. யாருக்கு இன்னும் உண்டு

2022 ஜூன் 30-க்குள் வேலை போய், அந்த ஆலைக்கு அதற்கு முன்பே சான்றும் கிடைத்திருந்தால் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கலாம். தொழிலாளர் துறையின் தளத்தில் கம்பெனிப் பெயரைப் போட்டுத் தேடினால் டி.ஏ.-டபிள்யூ என்று தொடங்கும் எண்ணோடு பதிவுகள் வரும். சான்று தரப்பட்டது என்று இருந்தால் இரண்டு தேதிகளைப் பாருங்கள். ஒன்று பாதிப்புத் தேதி, வழக்கமாக மனுப் போட்ட நாளுக்கு ஒரு வருஷம் முன்னால். மற்றது காலாவதித் தேதி, சான்று தந்ததிலிருந்து இரண்டு வருஷம். உங்கள் கடைசி வேலை நாள் இந்த இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும், 2022 ஜூன் 30-ஐயும் தாண்டக் கூடாது. அப்படி இருந்தால் மாநில டி.ஏ.ஏ. ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பயிற்சியில் சேரும் கெடு உங்கள் சான்று எந்தச் சட்டப் பதிப்பின் கீழ் வந்தது என்பதைப் பொறுத்து மாறுவதால், நண்பருக்குப் பொருந்தியது உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம்.

டாரிஃப் வசூலாகிறதே, அந்தப் பணம் வேலை போனவர்களுக்கு வராதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வராது. அது பொதுக் கருவூலத்துக்குப் போகிறது. 2000-இல் வந்த பேர்ட் திருத்தம் என்ற சட்டத்தில் மலிவு விலை இறக்குமதிக்கு எதிரான தீர்வையைக் கொஞ்ச காலம் பிரித்துக் கொடுத்தார்கள்தான், ஆனால் பெரும்பாலும் மனுப் போட்ட கம்பெனிகளுக்கு. உலக வர்த்தக அமைப்பில் தோற்று அதுவும் ரத்தானது.

புதிதாக வேலை போனவர்கள் டி.ஏ.ஏ.வை முழுக்க மறந்துவிட வேண்டுமா என்றால், மறக்க வேண்டாம், ஒரு கோப்பு மட்டும் திறந்து வையுங்கள். இந்தத் திட்டம் முன்பும் சுருங்கிப் போய்த் திரும்ப விரிந்திருக்கிறது. 2015-இல் காங்கிரஸ் அதைப் புதுப்பித்தபோது, 2014 தொடக்கத்திலிருந்து மறுக்கப்பட்டிருந்த மனுக்களைத் திரும்ப எடுத்துப் பார்க்கச் சொன்னது. அடுத்த முறையும் அப்படி நடக்கும் என்று உறுதியில்லை, காகிதம் வைத்திருப்பதில் நஷ்டமும் இல்லை. லே-ஆஃப் கடிதம், வார்ன் நோட்டீஸ், கடைசி சம்பளச் சீட்டுகள், லைன் எந்த நாட்டுக்குப் போகிறது என்று நிர்வாகம் எல்லாருக்கும் அனுப்பிய அறிவிப்பு, உள்ளூர்ச் செய்தித்தாள் துண்டு, இவை போதும். வாடிக்கையாளர் பட்டியல், விலைப் பட்டியல், வரைபடம் என்று கம்பெனியின் ரகசியக் காகிதங்களைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வராதீர்கள், செவரன்ஸும் போய் வழக்கும் வரும். அதெல்லாம் விசாரிக்கும் அதிகாரி கம்பெனியிடமே கேட்டு வாங்குகிற விஷயம். கூட வேலை செய்த நாலைந்து பேரின் சொந்தப் போன் எண்களையும் குறித்து வையுங்கள். லே-ஆஃப் கடிதம் இன்னும் கையில் வராதவர்கள் எச்.ஆரில் ஆள் இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள், கேட் பூட்டிய பிறகு அதை எடுத்துத் தர யாரும் இருக்கமாட்டார்கள்.